ஒன்பதாம் மாடியில் பாலை

ஈசூனில் பருவம் என்னவென்றால்
மழை, மழைக்கு முந்திய புழுக்கம்,
மழைக்குப் பிந்திய புழுக்கம்.
இதில் போய்க் கள்ளி வளர்க்கிறாள் என்று
லிஃப்டில் என்னைப் பற்றிப் பேச்சு.

வளர்க்கவில்லை.
சாகாமல் பார்த்துக்கொள்கிறேன்.

தாம்சன் சாலை நர்சரிக் கறுப்பு மண்
இவற்றுக்கு ஆகாது;
பிடித்த தண்ணீரைக் கந்துவட்டிக்காரன் போல விடாது.
எரிமலைக் கல், உடைத்த செங்கல்,
பூனை இல்லாத வீட்டுக்கு
மாதம் ஒரு மூட்டை பூனை மணல்.
கடைப்பையன் பூனையின் பெயர் கேட்டான்.
குணாளன் என்றேன்,
அவசரத்தில் வந்த பெயர் அதுதான்.

ஜனவரியில் வடகிழக்குக் காற்று
மழையைச் சாய்த்துத் தாழ்வாரத்துக்குள் எறிகிறது.
திருகுகள்ளி, எருக்கு, மூன்று அடீனியம்
எல்லாம் ஷூ அலமாரியோரம் ஒண்டி நிற்கின்றன,
கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்களாக.

பிப்ரவரியில் பத்து நாள் வானம் வறண்டது.
கீழே திடலில் புல் பழுத்தது.
அந்தப் பத்து நாளை நம்பி
அடீனியம் பூத்தது,
சீனப் புத்தாண்டுக்குச் சரியாக.
ஏழாம் மாடி திரு ஓங்
ஏறி வந்து விலை கேட்டுப் போனார்.

கொசுச் சோதனைக்கு வந்த பெண்
டார்ச் அடித்துத் தொட்டிக்கடித் தட்டுகளைத் தேடினாள்.
தட்டே இல்லை. நீரே இல்லை.
"ரொம்ப நல்லது" என்று
என் பாலைவனத்துக்கு ஒரு டிக் போட்டாள்.

ஜூனில் விடியுமுன்பே சுமத்ராவிலிருந்து சூறை.
இரண்டு தொட்டி உடைந்தன,
நல்லவேளை, உள்பக்கமாக.
செப்டம்பரில் புகைமூட்டம்.
முகக்கவசத்தோடு நின்று
எருக்கிலைகளைத் துடைத்தேன்.
ஈரத்துணியில்
பெயர் தெரியாத ஒரு காட்டின் கரி.

பொருத்துக, என்றது பள்ளித் தேர்வு.
பாலை என்ற சொல்லிலிருந்து
பிரிதல் என்ற சொல்லுக்கு
அடிக்கோல் வைத்துக் கோடு இழுத்தேன்.
ஒரு மதிப்பெண்.

குணாளன் ஓமானில் இருக்கிறான்.
கடலைக் குடிநீராக்கும் ஆலை,
இரண்டாண்டு ஒப்பந்தம், இது மூன்றாவது ஆண்டு.
"நாற்பத்தேழு டிகிரி.
ஒரே ஒரு முள்மரம்.
அதன் நிழலை எங்கள் டொயோட்டா எடுத்துக்கொண்டது."
மரத்தின் பெயர் கேட்டேன்.
விசாரித்துச் சொல்வதாகச் சொன்னான்,
ஏப்ரலில்.

நான் இரவுப்பணிக்குப் போகும் வாரங்களில்
எதிர்வீட்டு காக் ரொஹாயா
காலையும் மாலையும் ஒரு குவளை
ஊற்றி வந்திருக்கிறார், பாசமாக.
டிசம்பரில்தான் தெரிந்தது.
திருகுகள்ளியின் அடி கூழாகியிருந்தது,
விரல் எதிர்ப்பின்றி உள்ளே போனது.

அழுகலுக்கு மேலே வெட்டினேன்.
கையுறையெல்லாம் பால்.
நுனியைச் செய்தித்தாளில் கிடத்தி
ஷூ அலமாரிமேல் வைத்தேன்.
ஏன் நடவில்லை, தண்ணீர் வேண்டாமா என்று
குவளையோடு வந்து நின்றார்.
காயம் காயணும்:
தமிழில் எவ்வளவு சுலபம்.
மலாயில் எனக்கு லுக்கா மட்டும் வந்தது,
பிறகு கையை விசிறியாக்கி ஆட்டினேன்.
அவர் கள்ளியைப் பார்த்தார்.
என்னைக் கொஞ்சம் அதிகநேரம் பார்த்தார்.
குவளையைத் தன் பாண்டான் செடியில் கவிழ்த்துவிட்டு
உள்ளே போனார்.

அன்றிரவு அழைப்பு.
"மழையா அங்கே?"
பதில் சொல்லாமல் கைபேசியைத்
தாழ்வாரச் சுவருக்கு வெளியே நீட்டினேன்.
ஏழு நிமிடம்.
கை வலித்தது, முழங்கை வரை நனைந்தது.
அங்கே யாரோ அவனைக் கூப்பிடும் சத்தம்,
அப்புறம் ஒன்றுமில்லை.

செய்தித்தாளின் ஓரம் ஈரம் குடிக்கத் தொடங்கியது.
நுனியை இன்னும் ஒரு சாண் உள்ளே தள்ளினேன்.
பத்து நாளில் காயும் என்கிறார்கள்.
இந்த ஊர் ஈரத்துக்கு
இருபது என்று வைத்துக்கொள்கிறேன்.